காதலுக்கும் கல்வி வேண்டும்

காதலுக்குக் கல்வி எதற்கு, அது தானே அரும்பும், தானே மலரும் என்பார் உளர். அரும்புவது இயல்புதான். ஆயினும் அது வாடாமல் காக்க அறிவு வேண்டுமன்றோ? இவ்வுண்மையை இங்கிலாந்து நாட்டுக்கு உணர்த்தியது ஒரு சிறு நூல். அதன் வரலாற்றைச் சற்றே நோக்குவோம்.

அந்நூலை ஆக்கிய மேரி ஸ்டோப்ஸ் 1880 இல் பிறந்தவர். புதைபடிவத் தாவரங்களை ஆய்ந்தவர். 1904 இல் மியூனிக் பல்கலைக் கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். பாறையில் பதிந்த இலையைப் படிக்கத் தெரிந்த அந்த அறிஞருக்கு, இல்லறத்தின் இயல்பை எடுத்துரைக்க எவரும் இல்லை! 1911 இல் மணந்தார். கணவன் மனைவியாகக் கூடி வாழாத அந்த மணம் செல்லாதென 1916 இல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூல்கள் பல பயின்ற பின்னரே தம் துயரின் காரணம் விளங்கிற்று என்றார் அவர். பட்டுப் பெற்ற அறிவைப் பிறருக்கும் வழங்க எண்ணினார். பதிப்பகத்தார் அஞ்சி ஒதுங்கினர். 1918 இல், பொருளுதவி கிடைத்தபின், 'மணவாழ்வில் காதல்' எனும் பொருள்படும் தலைப்புடன் அந்நூல் வெளிவந்தது.

அது சொன்னதென்ன? மனைவிக்கும் உணர்வு உண்டு, விருப்பம் உண்டு. அவள் உள்ளமறிந்து, இசைவறிந்து நெருங்குவதே கணவன் கடன். இன்பம் இருவர்க்கும் பொது என்பதே. இதிலென்ன புதுமை என்று கேட்கலாம். ஒழுக்கம் தவறிய மனைவியை அந்த ஒரு காரணம் காட்டியே கணவன் விலக்கலாம். அதே உரிமை மனைவிக்கு 1923 இல்தான் கிட்டியது. அத்தகைய நாட்டில் எழுந்த குரல் இது! ஆயிரமாயிரம் மடல்கள் ஸ்டோப்சைத் தேடி வந்தன. ஆடவரும் எழுதினர். 1921 இல் அவர் லண்டனில் குடும்பக் கட்டுப்பாட்டு மருத்துவ நிலையம் திறந்தார். அமெரிக்காவிலோ 1931 வரை அந்நூலுக்குத் தடை!

ஏடு தந்தார் என்பதற்காக அவரை வணங்கி நிற்போமா? கூடாது. எளியோரும் நோயுற்றோரும் மக்களைப் பெறலாகாது எனும் கொடிய இனமேம்பாட்டுக் கொள்கையை அவர் போற்றினார். மகன் மணக்க விரும்பிய மங்கை மூக்குக் கண்ணாடி அணிந்தவள் என்பதற்காக 1948 இல் அம்மணத்தை எதிர்த்தார். அவருடைய இரண்டாம் மணவாழ்வும் கசந்தது. பிறர் இல்லத்தில் விளக்கேற்றியவர், தம் இல்லத்தில் இருளை விரட்டினார் இல்லை.

இதனால் நாம் அறிவது யாது? நூல் வழிகாட்டும், நடக்க வேண்டியவர் நாமே. இன்று காதலுக்கும் இல்லறத்துக்கும் வழி கூறும் நூல்கள் கடைதோறும் குவிந்து கிடக்கின்றன. ஒன்றைக் கையிலெடுக்கும் இளைஞர் ஒரு கேள்வி கேட்கட்டும்: துணையைப் புரிந்துகொள்ளச் சொல்கிறதா, துணையை வசப்படுத்தச் சொல்கிறதா? வசப்படுத்தும் வித்தை ஆதிக்கத்தின் மறுபெயர். அதை வீசி எறிக! புரிந்துகொள்ளச் சொல்வதாயின், தனியே படித்து மூடிவைத்தல் போதாது. இருவரும் சேர்ந்து படியுங்கள். ஏற்பதை ஏற்று, மறுப்பதை மறுத்து, மனம் திறந்து பேசுங்கள். அந்தப் பேச்சிலேதான் காதல் வளரும்.