மூச்சும் நிறுத்தமும்

மூச்சை வெளிவிடும்போதே நாம் பேசுகிறோம். உள்வாங்கும் மூச்சு கணத்தில் முடிந்துவிடுகிறது. வெளிவிடும் மூச்சையோ சில வினாடிகள் நீட்டி, அதன்மேல் சொற்களை ஏற்றி அனுப்புகிறோம். அம்மூச்சு தீருமிடத்திற் பேச்சு நிற்கிறது. எனினும் கண்டவிடத்தில் அது நிற்பதில்லை. பெரும்பாலும் பொருளின் மூட்டுவாய்களிலேயே நிற்கிறது. ‘நேற்று வந்த ஆசிரியரின் மகன்’ என்னும் தொடரில், ‘வந்த’ என்பதன்பின் சற்று நிறுத்தினால் வந்தவன் மகன். ‘ஆசிரியரின்’ என்பதன்பின் நிறுத்தினால் வந்தவர் ஆசிரியர். எழுத்து ஒன்றே, பொருளை முடிவு செய்வது நிறுத்தம். ஆகவே, எங்கே நிறுத்துவது என்னும் அறிவு எவர் கையில் இருந்தது என்பது ஒலியியல் வினா மட்டுமன்று. சமுதாய வரலாற்று வினாவுமாகும்.

எழுத்தறியா மக்களிடையே இவ்வறிவு பொதுச் சொத்தாக இருந்தது. அமெரிக்க அறிஞர் மில்மன் பரி, 1933 முதல் 1935 வரை யூகோசிலாவியாவிலே நாட்டுப்புறப் பாணரின் வீரப்பாடல்களைத் திரட்டினார். ‘சொல்’ என்றால் யாது என அப்பாணரிடம் வினவியபோது, அவர்கள் தனிச்சொல்லைச் சுட்டினாரல்லர். ஒரு பாடலடி முழுவதையும், சிலவேளை அதனினும் நீண்ட கூற்றையுமே ‘சொல்’ என்றனர். பத்து அசை கொண்டது அவர்களது அடி. நான்காம் அசையின்பின் ஒரு முறிவு உண்டு. அவ்வளவை மட்டும் கைக்கொண்டு, அவ்தோ மெஜெதோவிச் என்னும் பாணர் 12,000 அடிகளுக்கு மேற்பட்ட கதைப்பாடல் ஒன்றை 1935இல் சொல்லி முடித்தார். பரியின் மாணவர் அல்பேட் லோட் 1960இல் வெளியிட்ட நூலினால் இவ்வுண்மைகள் பரவின. அவ்வாய்வு நெறியைச் சங்கச் செய்யுளுக்குப் பொருத்தி நம் கைலாசபதி எழுதிய ஆங்கில நூல் 1968இல் வெளிவந்தது.

எழுத்து தோன்றியபோது ஒலி பதிவாயிற்று, மூச்சு பதிவாகவில்லை. பண்டைக் கிரேக்கர் சொற்களுக்கிடையே இடம் விடாது ஒரே தொடராக எழுதினர். கி.மு. 200ஐ அண்டி, அலெக்சாந்திரியா நூலகத் தலைவராயிருந்த பைசாந்திய நகரத்து அரிஸ்தோபனீஸ், வரியின் மேலும் நடுவிலும் கீழும் புள்ளியிட்டு மூவகை நிறுத்தங்களைக் குறிக்கும் முறையை வகுத்தார் என்பர். இன்று குறிகளின் பெயராக வழங்கும் கமா, கோலன் என்பவை அன்று கூற்றின் சிறு பகுதி, பெரும் பகுதி ஆகியவற்றின் பெயர்களே. பின்னர், ஏழாம் நூற்றாண்டளவில் அயர்லாந்துத் துறவிகள் இலத்தீன் ஏடுகளிற் சொற்களைப் பிரித்து எழுதலாயினர். அவர்களுக்கு இலத்தீன் அயல்மொழி. அம்மொழியிற் பிறந்து வளர்ந்தோர் செவியாற் பிரித்ததை, இவர்கள் கண்ணாற் பிரிக்க வேண்டியிருந்தது. உள்ளிருப்போனுக்குக் குறியீடு வேண்டியதில்லை. வெளியிலிருந்து வருவோனுக்கே அது வேண்டும்.

தமிழில் நடந்ததும் இதுவே. உந்தியினின்று எழும் வளியே எழுத்தாகிறது என்று கண்டவர் தொல்காப்பியர். எழுத்தின் அளவாகிய மாத்திரையைக் கண்ணிமைப்பினாலும் கைந்நொடியினாலும் அளந்ததும் நம் இலக்கண மரபே. ஆயினும் ஓலைச்சுவடியிலே சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. ஓலை கிழியும் என்று மெய்யெழுத்துக்குப் புள்ளியும் இடப்படவில்லை. அத்தகைய ஏட்டை எழுத்துக் கற்றவன் எல்லாம் படித்துவிட முடியாது. எங்கே முறிப்பது, எங்கே சேர்ப்பது என்பது ஆசிரியரின் குரலில் இருந்தது. அக்குரலைக் கேட்கும் வாய்ப்போ குலத்தாலும் செல்வத்தாலும் வரையறுக்கப்பட்டிருந்தது. ஏடு திறந்திருந்தும் நூல் பூட்டியே கிடந்தது.

அச்சுப்பொறி இப்பூட்டைத் தளர்த்தியது. பாதிரிமாரின் அச்சு நூல்கள் வாயிலாக மேலைக் குறியீடுகள் தமிழுக்கு வந்தன. யாழ்ப்பாணத்திலே பேர்சிவல் பாதிரியாருடன் விவிலிய மொழிபெயர்ப்பிற் பணியாற்றிய ஆறுமுக நாவலர் (1822–1879), அக்கருவியைத் தம் சமயப் பணிக்குத் திருப்பினார். 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். மறு ஆண்டு சென்னை சென்று அச்சுயந்திரம் வாங்கி வந்தார். பாலபாடங்களிலும் பெரியபுராண வசனத்திலும் குறியீடுகளோடு கூடிய தெளிந்த உரைநடையை நிலைபெறச் செய்தார். ஆசிரியரின் மூச்சு தாளில் இறங்கியது.

நாவலர் சாதியாசாரத்தைப் பேணி நின்றவர் என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. யாழ்ப்பாணப் பள்ளிகளிலே ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் சம ஆசனம் பெறுவதற்கு இருபதாம் நூற்றாண்டிலும் போராட வேண்டியிருந்தது. ஆயினும் அச்சேறிய முற்றுப்புள்ளி, வாசிப்பவனின் குலத்தை வினவுவதில்லை. எவருக்காக அமைந்ததோ அவரோடு ஒரு கருவி நின்றுவிடுவதுமில்லை. 1945இல் இலவசக் கல்வி வந்தபின் அக்கருவி மேலும் பல கைகளுக்குச் சென்றது. அக்கைகள் எழுதிய கதைகளும் கட்டுரைகளும் ஈழத்து இலக்கியத்தின் முகத்தையே மாற்றின.

செய்யுளின் பூட்டு இன்னும் நெடுங்காலம் நீடித்தது. பழம்பாடல்களைச் சீர் பிரித்தே அச்சிட்டனர். ஒரு சொல்லின் தலை ஒரு சீரிலும் வால் மறு சீரிலும் கிடந்தன. 1950களிலே மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளை வெளியிட்டபோது, சாதாரண வாசகனும் பழம்பாட்டைப் பதம் பதமாகக் காணமுடிந்தது. ஓசை கெடும் என்போர் கூற்றிலும் உண்மை உண்டு. ஆனால் புலவர் வீட்டுத் திண்ணைக்கு அப்பாலும் பாட்டுச் சென்று சேர வேண்டுமாயின், இவ்வுதவி அவனுக்குத் தேவை.

இன்று குறியீடுகள் மூச்சினின்று விலகி இலக்கணத்தின் ஏவலாளராகிவிட்டன. எந்த மனிதனும் ஒரு மூச்சிற் சொல்ல முடியாத வாக்கியங்களை எழுதி, அவற்றையே புலமை எனக் கருதுவோர் நம்மிடையேயும் உளர். அவர்கள் மறுபடியும் பூட்டுப் போடுகின்றனர். மக்களுக்காக எழுதுகிறோம் என்போர், எழுதியதை ஒருமுறை வாய்விட்டு வாசித்துப் பார்ப்பாராக. எழுதியவனுக்கே மூச்சுத் திணறுமிடத்தில், கேட்பவன் என்ன செய்வான்?