டில்லி இரும்புத்தூணும் ரசாயனத் தராசும்

தலைநகரில் வாழும் தமிழ் மக்கள், ஊரிலிருந்து உற்றார் உறவினர் வரும்போதெல்லாம் தவறாமல் அழைத்துச் சென்று காட்டும் இடங்களுள் ஒன்று குதுப் மினார். அம்மாபெரும் கோபுரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டுத் திரும்பினால், பக்கத்திலுள்ள பழைய மசூதியின் முற்றத்தில் கருமை படர்ந்த இரும்புத்தூண் ஒன்று நிற்பதைக் காண்கிறோம். மண்ணில் புதைந்த பகுதியையும் சேர்த்து அதன் நீளம் சுமார் 7.2 மீட்டர், எடையோ 6 டன்னுக்கு மேற்பட்டது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நின்றும் துருப்பிடிக்காத தூண் என்று பிறர் சொல்லக் கேட்டு நாமும் வியக்கிறோம். வியப்பது நன்றே. ஆயினும் அத்தூண் எதனால் ஆனது என்பதை மக்கள் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்னும் வரலாறு, தூணைப் போலவே வியப்புக்குரியது. அவ்வரலாற்றையே ஈண்டு நோக்குவோம்.

தூணின்மேல் பிராமி எழுத்தில் ஆறு வரிகளில் பொறிக்கப்பட்டுள்ள சமஸ்கிருத வாசகம், சந்திரன் என்ற மன்னனின் வெற்றிகளைப் புகழ்கிறது. விஷ்ணுபதம் என்னும் குன்றின்மீது திருமாலுக்கு உரிய கொடிமரமாக அவன் இதனை நாட்டினான் என்றும் கூறுகிறது. கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலும் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆட்சி புரிந்த குப்தப் பேரரசன் இரண்டாம் சந்திரகுப்தனே அம்மன்னன் என்பது அறிஞர் பெரும்பாலோரின் கருத்து. மத்தியப் பிரதேசத்தில் விதிசைக்கு அருகிலுள்ள உதயகிரியே அக்குன்று என்றும், பிற்காலத்தில்தான் தூண் டில்லிக்குக் கொணரப்பட்டது என்றும் ஆராய்ச்சியாளர் பலர் கருதுகின்றனர்.

எழுத்தைப் படிக்க இயலாமற்போன இடைக்காலத்தில் கதைகள் வளர்ந்தன. பூமியைத் தாங்கும் வாசுகி என்னும் நாகத்தின் தலையிலே இத்தூண் இறங்கியிருக்கிறது என்றும், அதனை நம்பாத தோமர குலத்து மன்னன் அனங்கபாலன் தூணைப் பிடுங்கிப் பார்த்தபோது அதன் நுனியில் குருதி படிந்திருந்தது என்றும், மீண்டும் நாட்டியபோது தூண் உறுதியாக நிற்காமல் ஆட்டம் கண்டது என்றும் ஒரு கதை. இந்தியில் ‘டீலி’ என்றால் தளர்ந்தது. அச்சொல்லினின்றே டில்லி என்ற பெயர் தோன்றியது என்று கதை முடிகிறது. கேட்பதற்கு இனிய கதைதான். ஆனால் தூணை ஆக்கிய கொல்லனுக்கு இக்கதையில் இடமே இல்லை.

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் தொல்பொருள் ஆராய்ச்சி தொடங்கியபோதும் ஐயங்கள் உடனே அகலவில்லை. இந்தியத் தொல்பொருள் ஆய்வுத்துறையின் முதல் தலைவரான அலெக்சாண்டர் கன்னிங்ஹாம், 1860-களில் டில்லியை ஆராய்ந்து எழுதிய அறிக்கையில், இதனைக் கலப்பு உலோகத்தில் வார்க்கப்பட்ட தூண் என்றே முதலில் குறித்தார். இத்துணைப் பெரிய இரும்புத்தூணை அந்நாளில் எவர் செய்திருக்க முடியும் என்ற நினைவே இதற்குக் காரணமாதல் கூடும். ஏனெனில் ஐரோப்பாவின் உலைக்கூடங்களிலும் இத்தகைய பெருந்தூணை அடித்து உருவாக்குவது மிக அண்மைக்காலம் வரை அரிய செயலாகவே இருந்தது.

ஆயினும் கன்னிங்ஹாம் ஊகத்தோடு நின்றுவிடவில்லை. தூணின் கரடுமுரடான அடிப்பகுதியிலிருந்து சிறு துண்டு ஒன்றைப் பெற்று, ரூர்க்கிக் கல்லூரியில் இருந்த டாக்டர் மர்ரே தாம்சனிடம் சோதனைக்குக் கொடுத்தார். வந்த விடை மிகச் சுருக்கமானது: கலப்பற்ற, அடித்து நீட்டத்தக்க இரும்பு, ஒப்படர்த்தி 7.66.

ஒப்படர்த்தி என்பது யாது? ஒரு பொருளைக் காற்றில் நிறுத்து, பின் நீரில் அமிழ்த்தி நிறுத்து, அவ்விரு எடைகளையும் கொண்டு அப்பொருள் தன் அளவொத்த நீரைப்போல் எத்தனை மடங்கு கனமானது என்று கணிப்பதே ஆகும். தூய இரும்பின் ஒப்படர்த்தி சுமார் 7.87. செம்பு மிகுந்த வெண்கலமோ 8-ஐத் தாண்டும். நம் ஊர்ப் பொற்கொல்லர் உரைகல்லில் தேய்த்துப் பொன்னின் மாற்றைக் கண்டதைப் போல, ரசாயனி தராசின் தட்டில் வைத்து உலோகத்தின் குலத்தைக் கண்டார். கலப்பு உலோகம் என்ற கருத்து அத்துடன் ஒழிந்தது. தூணின் அடி வெகு ஆழத்தில் இருக்கிறது என்ற நம்பிக்கையும் பின்னர் அகழ்ந்து பார்த்தபோது பொய்யாயிற்று. அது தரைக்குக் கீழே சுமார் ஒரு மீட்டர் அளவிலேயே முடிந்துவிடுகிறது.

இரும்புதான் என்று தெரிந்தது. எத்தகைய இரும்பு என்பது அடுத்த வினா. அதற்கு விடை தந்தவர் இங்கிலாந்தில் ஷெஃபீல்டு நகரத்து உலோக அறிஞர் சர் ராபர்ட் ஹாட்ஃபீல்டு. மாங்கனீஸ் எஃகைக் கண்டுபிடித்துப் புகழ்பெற்ற இவர், 1912-ஆம் ஆண்டில் இலங்கையின் பண்டைய இரும்பு, எஃகுப் பொருள்களைப் பற்றி எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரையில் டில்லித் தூணின் பகுப்பாய்வையும் வெளியிட்டார். அவர் கண்ட அளவுகள் வருமாறு: இரும்பு 99.720 சதவீதம், கரி 0.080, சிலிகன் 0.046, கந்தகம் 0.006; பாஸ்பரஸ் 0.114, மாங்கனீஸ் அறவே இல்லை.

இத்தகைய நுண்ணிய எண்களை ரசாயனிகள் பெறும் வழியை நாம் சற்று அறிந்துகொள்வது நலம். இரும்பின் துருவலை முதலில் நிறுத்துக்கொள்வர். ஒரு பங்கைப் பிராணவாயுவில் எரித்தால் அதிலுள்ள கரி வாயுவாக மாறும். அவ்வாயுவைக் காரக் கரைசலில் உறிஞ்சச் செய்து, கரைசலின் எடை எவ்வளவு கூடிற்று என்று பார்த்துக் கரியின் அளவைக் கணிப்பர். மற்றொரு பங்கை அமிலத்தில் கரைத்தால், சிலிகன் கரையாத மணற்பொடியாக ஒதுங்கும். கந்தகத்தைப் பேரிய உப்பின் உதவியால் வெண்ணிற வீழ்படிவாகவும், பாஸ்பரஸை மாலிப்டேட் உப்பின் உதவியால் மஞ்சள் நிற வீழ்படிவாகவும் பிரித்து, கழுவி, உலர்த்தி நிறுப்பர். கண்ணுக்குத் தெரியாமல் ஒன்றோடொன்று கலந்து கிடந்தவை ஒவ்வொன்றாக வெளிப்பட்டு, தத்தம் அளவைத் தாமே கூறிவிடுகின்றன. இதில் மந்திரம் எதுவும் இல்லை. பொறுமையும் தூய்மையும் தவறாத தராசுமே வேண்டும்.

ஹாட்ஃபீல்டின் எண்கள் மூன்று உண்மைகளை உணர்த்தின. கரி இவ்வளவு குறைவாக இருப்பதால் இது உருக்கி வார்த்த வார்ப்பிரும்பு அன்று, தேனிரும்பு. துருத்தி ஊதும் சிற்றுலைகளில் கிடைத்த இரும்புக் கட்டிகளைப் பழுக்கக் காய்ச்சி, ஒன்றன்மேல் ஒன்றாக அடித்து ஒட்டியே தூணை உருவாக்கியுள்ளனர். இரண்டாவதாக, நம் வீடுகளில் எவர்சில்வர் என்று வழங்கும் துருவேறா எஃகில் குரோமியம் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் இருக்கும். இங்கே அத்தகைய சேர்க்கை ஏதும் இல்லை. மூன்றாவதாக, பாஸ்பரஸ் மிகுதி. இன்றைய எஃகு ஆலைகளில் அதனை 0.05 சதவீதத்துக்கும் கீழே குறைத்துவிட முயல்வர். குளிரில் இரும்பை நொறுங்கச் செய்யும் குறை அதற்கு உண்டு. ஆறு டன் தூண் முழுதும் அதே அளவில் பரவியிருப்பின் சுமார் 7 கிலோகிராம் பாஸ்பரஸ் அதனுள் இருத்தல் வேண்டும்.

ஆனால் முழுதும் அதே அளவா? ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது பழமொழி. பல கட்டிகளை ஒட்டி ஆக்கிய தூணுக்கு அது பொருந்தாது. பிற்காலத்தில் வேறு துண்டுகளைச் சோதித்தவர்கள் கரியும் பாஸ்பரஸும் இடத்துக்கு இடம் மாறுபடுவதைக் கண்டனர். 1961-ஆம் ஆண்டில், தொல்பொருள் ஆய்வுத்துறையின் நூற்றாண்டையொட்டித் தூணின் அடிப்பகுதி தோண்டப்பெற்று ரசாயன முறையில் தூய்மை செய்யப்பட்டது. ஜாம்ஷெட்பூரிலுள்ள தேசிய உலோகவியல் ஆய்வகம் அதன் இரும்பை ஆராய்ந்து 1963-இல் முடிவுகளை வெளியிட்டது. மண்ணுள் இருந்த பகுதி நன்றாகவே துருவேறி அரிக்கப்பட்டிருந்தது.

இந்த ஒரு செய்தியே பெரிய விவாதத்துக்கு வித்தாயிற்று. மேலும் கீழும் ஒரே இரும்பு. மேலே நிலைத்தது, கீழே அரித்தது. ஆதலின் இரும்பின் தூய்மை மட்டும் காரணமாகாது. டில்லியின் வறண்ட காற்றே காவல் என்றனர் சிலர். 1953-இல் ஹட்சன் என்ற ஆங்கில அறிஞர் இக்கருத்துக்கு ஆதரவாக எழுதினார். ஆயின் காற்று மட்டுமே காவல் என்றால், டில்லியில் கிடக்கும் மற்ற இரும்பெல்லாம் ஏன் துருவேறுகிறது? 1970-இல் சுவீடன் நாட்டு அறிஞர் ராங்லேன், காற்றின் வறட்சி, பகலில் ஏற்ற வெப்பத்தை இரவில் நெடுநேரம் காக்கும் தூணின் பருமன், பாஸ்பரஸின் மிகுதி, கந்தகத்தின் குறைவு ஆகிய அனைத்தையும் சேர்த்தே கருதவேண்டும் என்றார்.

முடிவான விளக்கத்துக்கு வழிகாட்டியவர் கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியராக விளங்கி 2009-இல் மறைந்த ஆர். பாலசுப்பிரமணியம். அவர் இரும்பை விட்டுத் துருவை ஆராய்ந்தார். தூணின் மேற்பகுதியிலிருந்து பெற்ற சிறிதளவு துருவை எக்ஸ் கதிர்களாலும் மாஸ்பவர் நிறமாலை முறையாலும் சோதித்து, 2000-ஆம் ஆண்டில் முடிவை வெளியிட்டார். உண்மையில் தூண் துருப்பிடிக்காதது அன்று, துருப்பிடித்தே இருக்கிறது. அத்துரு மெல்லிய ஏடாகப் படிந்து, உள்ளிருக்கும் இரும்பைக் காக்கிறது. பாஸ்பரஸ் இரும்போடும் ஈரத்தோடும் சேர்ந்து, நனைந்தும் உலர்ந்தும் வரும் பருவங்களில் பாஸ்பேட்டுப் படலமாக இறுகி, ஈரமும் காற்றும் உட்புகாதபடி கவசமாக அமைந்துவிட்டது. பகையென்று நாம் அஞ்சும் துருவே இங்கே காவலனாயிற்று. ஆலைக்காரர் குறையென்று நீக்கும் பாஸ்பரஸே அக்காவலனை ஆக்கியது.

அக்காலக் கொல்லர் இதனை அறிந்து செய்தனரா? பாஸ்பரஸ் என்ற தனிமத்தை உலகம் கண்டது 1669-இல்தான். ஆதலின் அதனை அவர்கள் வேண்டுமென்றே சேர்த்தனர் என்று கூற ஆதாரமில்லை. சுண்ணாம்புக்கல் சேர்க்காமல் உருக்கியதால் அது கசடோடு வெளியேறாமல் இரும்பிலேயே தங்கிற்று. இதை ஒப்புக்கொள்வதால் அவர்கள் பெருமை குறைந்துவிடாது. நூற்றுக்கணக்கான கட்டிகளைச் சேர்த்து, பிளவின்றி அடித்து, ஒரே தூணாக நிமிர்த்திய கைத்திறன் அவர்களுடையதே. அதற்குச் சான்று கூறியதும் ஆய்வகமே. முன்னோர் அறியாத மறைபொருள் இல்லை என்று முழங்குவோரும், பழமையில் ஒன்றுமே இல்லை என்று இகழ்வோரும் ஒருங்கே கற்கவேண்டிய பாடம் இது.

ஒவ்வொரு சோதனைக்கும் தூண் தன் உடலில் ஒரு துணுக்கை இழந்தது என்பதையும் நாம் மறத்தலாகாது. நல்வேளையாக இன்று அந்த இழப்பும் தேவையற்றதாகி வருகிறது. நம் கல்பாக்கத்திலுள்ள இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் விஞ்ஞானிகள், ஒரு துகளையும் பெயர்த்தெடுக்காமல், செவிக்கெட்டாத நுண்ணொலி அலைகள் முதலிய முறைகளால் தூணின் உட்புறத்தை ஆராய்ந்து 2005-இல் முடிவுகளை வெளியிட்டனர். பிறர் தூணைத் தீண்டுவதும் குறைந்துள்ளது. தூணுக்கு முதுகு கொடுத்துக் கைகளைப் பின்னால் கோத்துவிட்டால் நினைத்தது நடக்கும் என்று நம்பி மக்கள் தேய்த்துத் தேய்த்து அக்காவற்படலம் போய்விடும் நிலை வந்ததனால், 1997-இல் சுற்றிலும் வேலி இட்டனர்.

தூணிலே மன்னன் பெயர் இருக்கிறது. கொல்லர் ஒருவரின் பெயரும் இல்லை. வாசுகியின் கதை அவர்களை நினைக்கவில்லை. கலப்பு உலோகம் என்ற ஊகமும் அவர்கள் செய்த தொழிலை மறைத்துவிட்டது. அமிலமும் தராசும் நுண்ணோக்கியும் கொண்டு உழைத்தவர்களே, இஃது உலைக்களத்தில் சம்மட்டி பிடித்த மனிதர்களின் வேலை என்று எண்களால் எழுதிக் காட்டினர். பெயர் தெரியாத அத்தொழிலாளருக்கு ரசாயனம் செய்த நன்றிக்கடன் இதுவே எனலாம்.