கௌபாய் பொம்மைகளும் ஒரு மில்லிமீட்டரும்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, வெர்னியர் காலிப்பரை எடுத்துக்கொண்டு எங்கள் குடியிருப்பின் மூன்றாவது மாடிக்குப் போனேன். அளக்கப் போனது ஒரு கௌபாய் பொம்மையை. (வீட்டம்மா என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது.)

புனேவுக்குப் பிழைக்க வந்து பதினாறு வருஷமாகிறது. பிளாஸ்டிக் பாகங்களுக்கு மோல்டு வடிவமைப்பதுதான் தொழில். மேல்மாடி அங்கிள் ஆங்கிலோ இந்தியர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், எண்பதைத் தாண்டியவர். அவர் வீட்டுக் கண்ணாடி அலமாரி முழுக்கப் பழைய ஹாலிவுட் கௌபாய் நடிகர்கள், விரல் நீளத்தில் நிற்பார்கள். முத்து காமிக்ஸும் லயன் காமிக்ஸும் படித்து, டெக்ஸ் வில்லரோடு குதிரை ஏறி வளர்ந்த எனக்கு அந்த அலமாரியை விட்டு நகர மனசே வராது.

அங்கிள் ஆஸ்திரேலியாவில் இருக்கும் மகளிடம் நிரந்தரமாகப் போகிறார். பெட்டியில் இடமில்லை. எதை எடுத்துப் போவது, எதை விற்பது என்று என்னிடம் கேட்டார். அந்தக் கதைக்கு வருவதற்கு முன் கொஞ்சம் சரித்திரம்.

லண்டனைச் சேர்ந்த வில்லியம் பிரிட்டன் நிறுவனம் 1893-ல் ஒரு சூட்சுமம் கண்டுபிடித்தது. உருக்கிய ஈயக் கலவையை அச்சில் ஊற்றி, ஓரம் மட்டும் உறைந்ததும் மிச்சத்தைத் திரும்பக் கவிழ்த்துவிடுவது. உள்ளே கூடு, வெளியே சிப்பாய். உலோகம் மிச்சம், விலை மலிவு. இவர்களால் 54 மில்லிமீட்டர் என்பது உலகம் முழுக்கப் பொம்மைச் சிப்பாய்களின் அளவாகவே ஆகிப்போனது.

பொம்மைச் சிப்பாய்க்குப் பெரும்பாலும் பெயர் கிடையாது, படைப்பிரிவுதான் உண்டு. பெயரும் முகமும் பரவலானதில் சினிமாவுக்குப் பெரிய பங்கு உண்டு. ஹோபலாங் காசிடி என்ற பாத்திரத்தில் வில்லியம் பாய்டு என்ற நடிகர் 1935 முதல் 1948 வரை 66 படங்களில் நடித்தார். மார்க்கெட் சரிந்த நேரத்தில், கையில் இருந்ததையெல்லாம் விற்று அந்தப் பாத்திரத்தின் உரிமைகளை வாங்கினார். பார்த்தவர்கள் பைத்தியம் என்றிருப்பார்கள். 1949-ல் என்.பி.சி. தொலைக்காட்சியில் அது ஓடியதும் சட்டை, தொப்பி, சாப்பாட்டு டப்பா என்று எதை எடுத்தாலும் அவர் முகம். இங்கிலாந்தின் டிம்போ நிறுவனமும் ஈயத்தில் ஹோபலாங் பொம்மைகளைப் போட்டது.

ராய் ரோஜர்ஸ் இன்னும் கெட்டிக்காரர். பாடும் கௌபாய். நிஜப் பெயர் லியோனார்டு ஸ்லை. ரிபப்ளிக் ஸ்டுடியோவோடு 1940-ல் ஒப்பந்தம் பேசியபோது, தன் பெயர், குரல், உருவம் மூன்றையும் வியாபாரப் பொருட்களுக்குப் பயன்படுத்தும் உரிமையைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். 1950-களில் அமெரிக்காவின் லூயி மார்க்ஸ் கம்பெனி அவரையும் மனைவி டேல் எவன்ஸையும் பிளாஸ்டிக் உருவங்களாக்கி, தகர வீடு, வேலி, குதிரையோடு ஒரே பெட்டியில் அடைத்து விற்றது. லூயி மார்க்ஸ் 1955-ல் டைம் பத்திரிகை அட்டையிலேயே வந்தார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். அதே வருஷம் டிஸ்னியின் டேவி கிராக்கெட் தொடரில் நடித்த ஃபெஸ் பார்க்கரால், அலமோ கோட்டைப் பெட்டி பிய்த்துக்கொண்டு போனது.

விஸ்கான்சின் மாநிலத்து ஹார்ட்லேண்டு நிறுவனம் இன்னும் பெரிய அளவில், தொலைக்காட்சி கௌபாய்களைக் குதிரையோடு செய்தது. தொப்பியும் துப்பாக்கியும் கழற்றி மாட்டலாம். அதனாலேயே குழந்தைகள் முதலில் தொலைத்தது அவற்றைத்தான். இன்று சேகரிப்பவர்கள் பொம்மையை விட அந்தத் தொப்பிக்கு அலைகிறார்கள்.

ஜெர்மனி தனிக் கதை. கார்ல் மே என்ற எழுத்தாளர் அமெரிக்காவைப் பார்க்காமலேயே வின்னட்டூ என்ற அபாச்சித் தலைவனைப் படைத்தார். 1962 முதல் யூகோஸ்லாவிய மலைகளில் அந்தக் கதைகளைப் படமாக்கினார்கள். அபாச்சியாக நடித்தவர் பிரெஞ்சுக்காரர் பியர் பிரீஸ். எலாஸ்டோலின் என்ற பெயரில் பொம்மை செய்த ஹவுசர் நிறுவனம் கார்ல் மே பாத்திரங்களையும் 7 செ.மீ. உயரத்தில் போட்டது.

இங்கே என் தொழில்புத்தி ஒன்று சொல்கிறது. 54 மி.மீ. உருவத்தில் தலை மொத்தமே 7 மி.மீ. அதில் தொப்பி நிழல் போக முகம் எவ்வளவு மிஞ்சும்? மூக்கைச் செதுக்கி நடிகரைக் காட்டவே முடியாது. தொப்பியின் வளைவு, இடுப்பின் சாய்வு, கை நிற்கும் இடம், இதை வைத்துத்தான் ஆளைத் தெரிகிறது. போதாததற்கு, இரண்டு பாதி அச்சில் இருந்து பொம்மை சிக்காமல் வெளியே வர வேண்டும். அதனால்தான் அந்தக் கால பிளாஸ்டிக் கௌபாய்கள் பலரும் கை காலைப் பக்கவாட்டில் விரித்து, சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி நிற்கிறார்கள். :-)

எஃகு மோல்டு விலை அதிகம். நகல் எடுப்பவன் புத்திசாலித்தனமாக என்ன செய்வான்? கடையில் ஒரு அசல் பொம்மை வாங்கி, அதையே மாதிரியாக வைத்து மோல்டு செய்துவிடுவான். ஆனால் பிளாஸ்டிக் ஆறும்போது சுருங்கும். பாலிஎத்திலீன் என்றால் சுமார் 2 சதவீதம். ஒழுங்கான வடிவமைப்பாளர் அதைக் கணக்கிட்டு மோல்டைப் பெரிதாக வெட்டுவார். நகல்காரன் அதைக் கவனிப்பதில்லை. 60 மி.மீ. உருவம் 59-க்கும் கீழே வந்து நிற்கும், பெல்ட் மடிப்பெல்லாம் மழுங்கியிருக்கும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். அங்கிளிடம் ஒரே நிலையில் நிற்கும் இரண்டு ராய் ரோஜர்ஸ். ஒன்று, கப்பலில் வேலை பார்த்த அவர் அண்ணன் 1958-ல் நியூயார்க்கில் வாங்கியதாகச் சொல்லித் தந்தது. அந்த அண்ணன் அதற்கு இரண்டு வருஷம் கழித்துக் கடலிலேயே இறந்துபோனார். இன்னொன்று, பிற்பாடு இணைய ஏலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கியது. வாங்கிய நாளில் இருந்தே அது போலியோ என்று அவருக்குச் சந்தேகம். அதைத்தான் அளக்கச் சொன்னார்.

ஏலத்தில் வாங்கியது சரியாக 60. ஒப்பிட்டுப் பார்க்க அண்ணன் தந்ததை எடுத்தேன். 58.8. நம்பாமல் மூன்று தடவை அளந்தேன். பெல்ட் மடிப்பைப் பார்த்தேன், சட்டைக் காலரைப் பார்த்தேன். சந்தேகமே இல்லை.

என்ன சொல்வது? பொய் சொல்லியிருக்கலாம், யாருக்கும் தெரியாது. ஆனால் அவர் எதை விற்பது என்று கேட்டுத்தானே என்னைக் கூப்பிட்டார்? தயங்கித் தயங்கிச் சொன்னேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, அண்ணன் கப்பல் அந்த வருஷம் ஹாங்காங் வழியாகத்தான் வந்தது என்றார். நியூயார்க் என்றால் தம்பி சந்தோஷப்படுவான் என்று அண்ணன் சொல்லியிருக்கலாம், இல்லை கடைக்காரன் அண்ணனையே ஏமாற்றியிருக்கலாம் என்றார். அந்தக் காலத்தில் ஹாங்காங்கில் இருந்து இத்தகைய நகல்கள் குவிந்தன என்பது உண்மை.

விலை நிலவரமும் கேட்டார். அதையும் மறைக்கவில்லை. அந்தப் படங்களைச் சிறு வயதில் பார்த்தவர்கள் போகப் போக, தேடி வாங்கும் ஆட்களும் குறைகிறார்கள். 1998-ல் ராய் ரோஜர்ஸ் இறந்தார், 2009-ல் அவர் அருங்காட்சியகத்தை மூடினார்கள். பாடம் செய்து வைத்திருந்த அவருடைய குதிரை டிரிக்கரே 2010-ல் நியூயார்க் ஏலத்தில் 2,66,500 டாலருக்குப் போனது. குதிரைக்கு ஒரு தொலைக்காட்சி நிறுவனம் வந்தது. விரல் நீளப் பொம்மைக்கு யார் வருவார்கள்?

போன வாரம் அங்கிளை விமான நிலையத்துக்கு நான்தான் காரில் கொண்டுபோய் விட்டேன். அலமாரியில் பாதி மும்பை சேகரிப்பாளர் ஒருவருக்குப் போனது. அண்ணன் தந்த 58.8 மி.மீ. ராய் ரோஜர்ஸ் அங்கிளின் சட்டைப் பையில் இருந்தார், தொப்பி மட்டும் வெளியே தெரிந்தது. அசலை என் கையில் கொடுத்து, உன் காலிப்பருக்குக் கூலி என்றார்.

இப்போது என் மேஜை மேல் நிற்கிறார். "யாருப்பா இது?" என்று பையன் கேட்டான். ராய் ரோஜர்ஸ் என்றேன். அவனுக்கு அது ஒன்றும் சொல்லவில்லை. மேல்மாடி தாத்தாவின் அண்ணன் கதையைச் சொன்னேன். பொம்மையைக் கையில் எடுத்து, ரொம்ப நேரம் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.