நீரிழிவு சுயபராமரிப்பு: கைபேசி வழியே தொடரும் மருத்துவமனைப் பாடம்

கொல்கத்தா: மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் நீரிழிவு நோயாளி, அன்று முதல் இன்சுலின், உணவு, பாதப் பராமரிப்பு ஆகியவற்றைத் தாமே கவனித்தாக வேண்டும். நெரிசல் மிகுந்த வார்டில் சில நிமிடங்களில் கூறப்படும் அறிவுரை நினைவில் நிற்பது அரிது. இந்த இடைவெளியைக் குறுஞ்செய்தி, காணொலி, காணொலி வழி ஆலோசனை ஆகியவற்றால் நிரப்பும் முயற்சிகள் நடைபெற்று வருகின்றன.

பாதிப்பு எவ்வளவு?

இந்தியாவில் 10.1 கோடி பேருக்கு நீரிழிவும், 13.6 கோடி பேருக்கு அதன் முந்தைய நிலையும் இருப்பதாக, 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் ஆய்வு மதிப்பிட்டது.

கொல்கத்தாவில்

கொல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி, காரக்பூர் ஐஐடி உருவாக்கிய தொலைமருத்துவ அமைப்பின் மூலம் 2000-களின் தொடக்கத்திலேயே வெளியூர் அரசு மருத்துவமனைகளுடன் இணைக்கப்பட்டது. மேற்கு வங்க அரசு 2021 ஆகஸ்டில் ‘ஸ்வாஸ்த்ய இங்கித்’ திட்டத்தைத் தொடங்கியது. கிராமப்புற சுகாதார மையத்தில் இருந்தபடியே மருத்துவரிடம் ஆலோசனை பெற இத்திட்டம் உதவுகிறது.

பலன் உண்டா?

நீரிழிவு ஏற்படும் அபாயம் அதிகமுள்ள 537 ஆண்களிடம் சென்னை ஆய்வாளர்கள் நடத்திய ஆய்வு 2013-ல் வெளியானது. 2 ஆண்டுகளில், குறுஞ்செய்தி பெற்றவர்களில் 18 சதவீதத்தினருக்கும், பெறாதவர்களில் 27 சதவீதத்தினருக்கும் நீரிழிவு ஏற்பட்டது. இது நோய்த் தடுப்பு குறித்த ஆய்வு. எனினும், தொடர்ந்து நினைவூட்டினால் பழக்கம் மாறும் என்பதை உணர்த்துகிறது.

அறிய வேண்டியவை

* ரத்த சர்க்கரை 70 மில்லிகிராமுக்குக் கீழ் குறைந்தால், 3 தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கலந்து அருந்தி, 15 நிமிடங்களுக்குப் பின் மீண்டும் பரிசோதிக்க வேண்டும்.
* நினைவிழந்தவருக்கு வாய்வழியாக எதுவும் கொடுக்கக் கூடாது; உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.
* இன்சுலின் ஊசி போடும் இடத்தை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும்.
* பாதங்களில் காயம், கொப்புளம் உள்ளதா என நாள்தோறும் பார்க்க வேண்டும்.

வரம்புகள்

வீட்டில் கைபேசி மகனிடம் இருந்தால், தாய்க்கு அனுப்பிய செய்தி அவரைச் சென்றடையாமல் போகலாம். பார்வை மங்கியவருக்கு எழுத்தைவிடக் குரல் பதிவே உகந்தது. சோறு, பொரி, இனிப்பு என வங்காளிகள் அன்றாடம் உண்பவற்றை அவர்கள் மொழியிலேயே எடுத்துக் கூறினால்தான் உணவு அறிவுரை பயன் தரும். காணொலியைக் காட்டியபின், ஊசி போடும் முறையை நோயாளியையே செய்து காட்டச் சொல்வதும் அவசியம். கைபேசி நினைவூட்டலாம், மருந்தின் அளவை மருத்துவரே மாற்ற வேண்டும்.