செங்கல் ஆன ஐபோன்கள்

2007 ஜூன் 29 அன்று அமெரிக்காவில் ஐபோன் விற்பனைக்கு வந்தது. 4 ஜிபி மாடல் 499 டாலர், 8 ஜிபி மாடல் 599 டாலர். இவ்வளவு காசு கொடுத்து வாங்கினாலும் ஏடி அண்ட் டி நிறுவனத்தின் சிம் இருந்தால்தான் அது போன். அதற்கும் இரண்டு வருட ஒப்பந்தம் போட வேண்டும். பெட்டியைப் பிரித்து வேறு சிம்மைப் போட்டால் முதல் திரையைத் தாண்டி உள்ளேயே போக முடியாது.

எதற்கு இந்தப் பூட்டு? விடை கணக்குப் புத்தகத்தில் இருக்கிறது. ஐபோன் வாடிக்கையாளர் கட்டும் மாத பில்லில் ஒரு பங்கை ஏடி அண்ட் டி ஆப்பிளுக்குக் கொடுத்து வந்தது. (2008-ல் ஐபோன் 3ஜி வந்தபோது இந்த ஏற்பாடு கைவிடப்பட்டது.) அதாவது வேறு சிம்மில் ஓடும் ஒவ்வொரு ஐபோனும் ஆப்பிளுக்கு மாதாமாதம் நஷ்டம். வாங்குபவர் பக்க நியாயமும் இருக்கிறது. பிரிட்டனிலும் ஜெர்மனியிலும் ஐபோன் முறையாக விற்பனைக்கு வந்தது 2007 நவம்பரில்தான். இந்தியாவுக்கு 2008 ஆகஸ்ட் 22 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அதுவரை வெளிநாட்டுக்காரர்களுக்கு ஒரே வழி, அமெரிக்காவிலிருந்து ஒன்றை வரவழைத்துப் பூட்டை உடைப்பது!

முதலில் உடைத்துக் காட்டியவர் நியூ ஜெர்சியைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாட்ஸ். அப்போது அவருக்கு வயது 17. அன்லாக் செய்த ஒரு போனை ஆகஸ்டில் ஒரு நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டு, பதிலுக்கு ஒரு நிஸான் 350இசட் காரும் மூன்று புது ஐபோன்களும் வாங்கிக்கொண்டார். சரியான பண்டமாற்று :-) ஆனால் அவருடைய முறைக்கு போனைப் பிரித்து உள்ளே சால்டரிங் செய்ய வேண்டும். சாதாரண ஆட்கள் பக்கத்தில் போக முடியாத வேலை.

செப்டம்பரில் கதை மாறியது. ஐபோன்சிம்ஃப்ரீ என்ற குழு மென்பொருள் மூலமே பூட்டை உடைக்கும் வழியைக் காசுக்கு விற்றது. அடுத்த சில நாட்களிலேயே ஐபோன் டெவ் டீம் என்ற குழு எனிசிம் என்ற மென்பொருளை இலவசமாக வெளியிட்டது. செய்முறை இணையம் முழுக்கப் பரவியது. கேபிளைச் செருகு, இதை இறக்கு, இந்தப் பொத்தானை அழுத்து, சில நிமிடம் காத்திரு. அவ்வளவுதான், கையில் இருக்கும் எந்த சிம்மும் வேலை செய்தது. செய்து பார்த்தவர்கள் எல்லோரும் "எனக்கு வேலை செய்தது" என்று எழுதினார்கள். அது பொய்யும் இல்லை.

கூடவே ஒரு ஆறுதலும் சொல்லப்பட்டது: ஏதாவது கோளாறு ஆனால் ஐட்யூன்ஸில் ரீஸ்டோர் கொடுங்கள், பழையபடி ஆகிவிடும். பிரச்சினை இங்கேதான். ஐபோனுக்குள் இரண்டு கம்ப்யூட்டர்கள் இருப்பதாக வைத்துக்கொள்ளலாம். ஒன்று திரை, பாட்டு, படம் இதையெல்லாம் பார்த்துக்கொள்வது. இன்னொன்று செல்போன் டவரோடு பேசும் மோடம். அந்த மோடத்துக்குத் தனியாக ஒரு மென்பொருள், தனியாக ஒரு நினைவகம். சிம் பூட்டு இருப்பது அதில். முதல் கம்ப்யூட்டரில் மட்டும் கை வைத்து, வெளியார் எழுதிய விளையாட்டுகளைப் போட்டுக்கொள்வது ஜெயில்பிரேக். மோடத்தில் கை வைப்பது அன்லாக். ரீஸ்டோர் கொடுத்தால் முதலாவது சுத்தமாகும். மோடத்தில் பூட்டு விவரம் எழுதியிருக்கும் பகுதியை அது தொடுவதே இல்லை. எனிசிம்மின் முதல் பதிப்பு மாற்றி எழுதியது சரியாக அந்தப் பகுதியைத்தான். ஜெயில்பிரேக்குக்கு நூற்றுக்கு நூறு சரியான ஆலோசனை, அன்லாக் செய்தவர்களுக்கும் அப்படியே கைமாறிப் போயிருந்தது.

செப்டம்பர் 24 அன்று ஆப்பிள் ஓர் அறிக்கை விட்டது. அனுமதி இல்லாத அன்லாக் மென்பொருள்கள் போனின் மென்பொருளைச் சரிசெய்ய முடியாத அளவுக்குக் கெடுக்கின்றன, அடுத்த அப்டேட்டைப் போட்டால் போன் நிரந்தரமாகவே செயலிழக்கக்கூடும், அதற்கு வாரண்டி கிடையாது என்பது அதன் சாரம். பலர் இதை வெறும் பூச்சாண்டி என்றே நினைத்தார்கள். ஆப்பிளுக்குப் பூட்டினால் லாபம் என்று தெரிந்தவர்கள் அப்படி நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

மூன்றே நாளில், செப்டம்பர் 27 அன்று, 1.1.1 அப்டேட் வந்தது. அது மோடத்தின் மென்பொருளையும் சேர்த்துப் புதுப்பித்தது. புது மென்பொருள் பூட்டு விவரத்தைச் சரிபார்த்தபோது அங்கே இருந்தது அது எதிர்பார்த்த சரக்கு அல்ல. "தவறான சிம்" என்று திரையில் வந்தது. அவசர அழைப்பைத் தவிர ஒன்றும் நடக்கவில்லை. சில போன்களில் ஐஎம்இஐ எண்ணே மாறி, எல்லாவற்றிலும் ஒரே எண்ணாகக் காட்டியது. அவற்றில் ஏடி அண்ட் டி சிம்மைத் திரும்பப் போட்டும் பலன் இல்லை. பழைய பதிப்புக்குத் திரும்பிப் போனவர்களுக்கு திரையும் ஐகான்களும் திரும்பி வந்தன, மோடம் வரவில்லை. இப்படிப் போன போனை அமெரிக்காவில் "செங்கல்" என்றார்கள். 599 டாலர் செங்கல்!

டெவ் டீமை இங்கே ஒரேயடியாகத் திட்டிவிடவும் முடியாது. பூட்டுப் பகுதியைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் கருவியை அக்டோபரில் அவர்களே இலவசமாக வெளியிட்டார்கள். ஆப்பிள் மீது கலிபோர்னியாவில் வழக்குகளும் விழுந்தன. அதே மாதம் ஆப்பிளின் டிம் குக் ஒரு கணக்குச் சொன்னார்: அதுவரை விற்ற 14 லட்சம் ஐபோன்களில் சுமார் 2,50,000 போன்களை வாங்கியவர்கள் அன்லாக் செய்யும் எண்ணத்தோடுதான் வாங்கியிருப்பார்கள். அடுத்த சில நாட்களில் அமெரிக்கக் கடைகளில் ஐபோனுக்கு ரொக்கம் வாங்குவதை நிறுத்தி, ஆளுக்கு இரண்டு போன்தான் என்றும் சொல்லிவிட்டார்கள்.

ஜெயில்பிரேக் மட்டும் செய்தவர்கள் பிழைத்துக்கொண்டார்களா? அவர்களுக்கு 2009 நவம்பரில் வேறு ரூபத்தில் வந்தது. போனைக் கம்ப்யூட்டரிலிருந்து இயக்க ஓப்பன்எஸ்எஸ்எச் என்ற மென்பொருளைப் போடுங்கள் என்று பல குறிப்புகள் சொல்லின. போட்டார்கள். எல்லா ஐபோனிலும் நிர்வாகிக்கான கடவுச்சொல் "ஆல்பைன்" என்ற ஒரே சொல்தான். அதை உடனே மாற்ற வேண்டும் என்ற வரியைப் பல பேர் படிக்கவில்லை, அல்லது அவர்கள் படித்த குறிப்பில் அந்த வரி இல்லை.

நெதர்லாந்தில் ஒருவன் இப்படித் திறந்துகிடந்த போன்களுக்குள் புகுந்து ஐந்து யூரோ கேட்டான். ஆஸ்திரேலியாவில் ஐக்கீ என்ற வைரஸ் போன் விட்டு போன் தாவி, திரையில் ரிக் ஆஸ்ட்லி என்ற பாடகரின் படத்தை ஒட்டிவிட்டுப் போனது. இதுவரை விளையாட்டு என்று விட்டுவிடலாம். மாதக் கடைசியில் அதே வழியில் வந்த இன்னொரு வைரஸ் நெதர்லாந்தின் ஐஎன்ஜி வங்கி வாடிக்கையாளர்களைக் குறிவைத்தது. அது போனுக்குள் நுழைந்ததும் கடவுச்சொல்லை மாற்றியது. சொந்தக்காரர்கள் செய்யாமல் விட்ட அந்த ஒரு வேலையை, அவர்களுக்குத் தெரியாத ஒரு சொல்லை வைத்து, அது செய்து முடித்தது.

2010 ஜூலையில் அமெரிக்கா ஜெயில்பிரேக் செய்வதைப் பதிப்புரிமைச் சட்டத்தின் தடையிலிருந்து விலக்கியது. வாரண்டி போகலாம் என்ற நிலையை மட்டும் ஆப்பிள் மாற்றிக்கொள்ளவில்லை. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள், ஜெயில்பிரேக் செய்த போன்களில் யாரும் மாற்றாதவரை கடவுச்சொல் அதே ஆல்பைன்தான்.