மருந்துக் காப்பீட்டின் இடைவெளி

அமெரிக்காவில் 65 வயது நிறைந்தோருக்காக 1965-இல் சட்டமான மெடிகேர் என்னும் அரசுக் காப்பீடு, மருத்துவமனைச் செலவை ஏற்றதே தவிர, முதியோர் மருந்துக்கடையில் வாங்கும் மாத்திரைகளுக்குப் பொதுவாகப் பணம் தரவில்லை. இக்குறையைப் போக்க 1988-இல் வந்த சட்டம், செலவை முதியோர் தலையிலேயே வரியாகச் சுமத்தியதால் எதிர்ப்புக்குள்ளாகி மறு ஆண்டே நீக்கப்பட்டது. 2006-இல் தொடங்கிய ‘பார்ட் டி’ திட்டமோ பொறுப்பைத் தனியார் நிறுவனங்களிடம் விட்டதால், மாதச் சந்தாவோடு, எந்த மருந்துக்கு எவ்வளவு ஈடு என ஒவ்வொரு நிறுவனமும் வகுக்கும் மருந்துப் பட்டியலையும் முதியோரே ஒப்பிட வேண்டியதாயிற்று. அவ்வாண்டின் அடிப்படைத் திட்டத்தில் மருந்துச் செலவு 2,250 டாலரைத் தாண்டியதும் காப்பீடு நின்று, 5,100 டாலர்வரை முழுச்சுமையும் நோயாளியைச் சேர்ந்தது. சந்தா மட்டும் நிற்கவில்லை. ‘டோனட் துளை’ எனப்பட்ட இவ்விடைவெளி 2025-இல்தான் முற்றிலும் நீங்கி, நோயாளியின் கைச்செலவுக்கு ஆண்டுக்கு 2,000 டாலர் உச்சவரம்பு வந்தது.