துறைமுகம் இல்லாத ஊரின் நல்ல நேரம்

தரமணி ரோஜா முத்தையா நூலகத்துக்குக் கிளம்பும்போது ஆட்டோக்காரர் கேட்டார்: "ரெடியா சார், போலாமா?"

தமிழாகவே ஆகிவிட்ட சொல். குதிரையேறிச் செல்வதைக் குறிக்கும் பழைய ஜெர்மானிய வேரிலிருந்து 'ரெடி' வந்தது என்பார்கள். சரி, 'தயார்' என்போமா? அது பாரசீகம் வழியாக வந்தது. அரபியில் பறப்பதைக் குறிக்கும் சொல்லோடு சேர்த்து, வேட்டைக்குப் பறக்கவிடத் தோதான வல்லூறிலிருந்து அதற்கு விளக்கம் சொல்வதுண்டு. 'ப்ராம்ப்ட்' என்றால் உள்ளிருந்து எடுத்துக் கைக்கெட்டும்படி வைத்தது. 'பங்ச்சுவல்' வெறும் புள்ளி.

என்னை நிறுத்திய சொல் 'ஆப்பர்ச்சூன்'. லத்தீனில் அதன் பொருள் 'துறைமுகத்தை நோக்கி'. கப்பலைக் கரை சேர்க்கும் காற்றைச் சொல்லப் பிறந்த உரிச்சொல்.

வேடிக்கை என்னவென்றால், அந்தச் சொல்லோடு வந்தவர்கள் கோட்டை கட்டிய மதராசில் துறைமுகமே கிடையாது. கப்பல்கள் நடுக்கடலில் நங்கூரமிட்டு நிற்கும். கயிற்றால் தைத்த மசூலா படகுகள்தான் அலையைத் தாண்டி ஆளையும் சரக்கையும் கரைக்குக் கொண்டுவரும். ஐப்பசி பிறந்தால் அதுவும் ஆபத்து.

1746 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி லா போர்தொனே மதராசைப் பிடித்தார். கப்பல், பீரங்கி, ஆட்கள், எல்லாம் ரெடி. ஆனால் பணம் வாங்கிக்கொண்டு ஊரைத் திருப்பித் தருவதா, வைத்துக்கொள்வதா என்று புதுச்சேரியிலிருந்த டூப்ளேயோடு இழுபறி. நாட்கள் ஓடின. அக்டோபர் நடுவில் புயல் அடித்தது. நங்கூரமிட்டிருந்த கப்பல்களில் பல மூழ்கின, மற்றவை சிதைந்தன. அவர் கடைசியில் பாஸ்டில் சிறைக்குத்தான் போய்ச் சேர்ந்தார்.

பிறகு வெள்ளைக்காரர்கள் செயற்கைத் துறைமுகம் கட்டினார்கள். 1881-இல் வேலை முடியும் நேரத்தில் இன்னொரு புயல் அதையும் உடைத்தது.

தமிழில் இதற்கு என்ன சொல்வது? 'தருணம்' என்கிறோம். வடமொழியில் அது இளமை. 'பருவம்' பூப்பதற்கும் உண்டு, காற்றுக்கும் உண்டு. 'பதம்' பாகுக்கு. ஆங்கிலச் சொல்லில் நல்ல நேரம் வெளியிலிருந்து வீசுகிறது. நம்முடையதில் அது உள்ளேயும் முதிர்கிறது. வள்ளுவர் 'காலமறிதல்' என்றே ஓர் அதிகாரம் வைத்தார். அதில் கொக்கு ரெடியாகத்தான் நிற்கிறது, ஆனால் காத்து நிற்கிறது.

இன்று தரமணி ஐ.டி. கட்டிடங்களுக்குள் இன்டர்வியூவுக்குப் போகிற எல்லோரிடமும் 'ரெடியா இரு' என்றுதான் சொல்கிறோம். லா போர்தொனேயும் ரெடியாகத்தான் இருந்தார். வேலை கிடைக்காமல் திரும்புகிற பிள்ளையிடம் 'நீ தயாராகவில்லை' என்று சொல்லுமுன், அன்று காற்று எந்தப் பக்கம் அடித்தது என்றும் கேட்கலாம்.